நோயருகே இருப்பவர்

நுழையும்முன்

வீட்டில் ஒருவர் நெடுநாள் நோயுற்றுப் படுத்துவிட்டால், வருவோரெல்லாம் அவரையே நலம் உசாவுவர். தலையணையைச் சரிசெய்தபடியோ மாத்திரையைப் பிரித்தபடியோ அருகில் நிற்பவரை எவரும் உசாவுவதில்லை. அவருக்கும் ஓர் உடல் உண்டு, உறக்கம் உண்டு, பொறுமைக்கோர் எல்லையும் உண்டு. அந்த இரண்டாமவரைப் பற்றியது இப்பாடம்.

நான்காம் கூறு

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் இறுதிக் குறளாக அமைவது 950ஆம் குறள். மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்று அது வகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் எவரும் எளிதில் எண்ணிச் சொல்லிவிடக்கூடியவை. நான்காவதாக வள்ளுவர் ஒருவரை நிறுத்துகிறார். ‘உழைச்செல்வான்’ என்பது அவருக்கு அவர் தரும் பெயர். ‘உழை’ என்றால் பக்கம். நோயரின் பக்கத்திலேயே இருந்து, மருந்தைப் பிழையாது கொடுத்து, வேண்டுவன செய்பவர் அவர்.

இந்த நால்வகைப் பகுப்பு இந்திய மருத்துவ மரபில் பரவலாக அறியப்பட்டது. வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் மருத்துவர், மருந்து, பணிவிடையாளர், நோயர் என நான்கைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு பண்புகளை வகுக்கிறது. பரிமேலழகர் தம் உரையில் இதே முறையில் நந்நான்கு பண்புகளை விரிக்கிறார். உழைச்செல்வானுக்கு அவர் கூறுபவை, நோயரிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லப்பட்டவற்றைச் செய்து முடிக்கும் திறன், அறிவு என்பன.

இப்பட்டியலைச் சற்று நின்று நோக்க வேண்டும். நான்கும் அவர் கொடுக்க வேண்டியவை. அவருக்குக் கிடைக்க வேண்டியது எதுவும் அதில் இல்லை. உரையாசிரியரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. பணிவிடை செய்பவரை மருத்துவத்தின் உறுப்பாகவே எண்ணிய பெருமை அம்மரபுக்கு உண்டு. இன்றைய மருந்துச்சீட்டில் அந்த நான்காமவருக்கு ஒரு வரிகூட இல்லை என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால், பழைய மருத்துவம் பெரிதும் எதிர்கொண்ட நோய்கள் சில நாள்களில் தீர்ந்தன. அல்லது ஆளைக் கொண்டுசென்றன. பணிவிடைக்கும் ஒரு முடிவுநாள் இருந்தது. பத்தாண்டு, பதினைந்தாண்டு என நீளும் நோய்களோடு வாழ்வது, மருத்துவம் வளர்ந்ததால் நமக்கு வாய்த்த நிலை. சிறுநீரகம் செயலிழந்தவரும், பக்கவாதத்தால் ஒருபுறம் செயலற்றவரும், மறதிநோயரும் இன்று பல ஆண்டுகள் வாழ்கின்றனர். அது மருத்துவத்தின் வெற்றி. அந்த வெற்றியின் விலையில் ஒரு பகுதியை வீட்டில் ஒருவர் நாள்தோறும் செலுத்துகிறார். அவரைப் ‘பேணுநர்’ என்று இப்பாடத்தில் குறிப்போம்.

ஒரு குவளை நீர்

பேணுநரின் சுமை என்றதும் தூக்குவது, துடைப்பது, குளிப்பாட்டுவது ஆகிய உடலுழைப்பே நினைவுக்கு வரும். அது மெய்தான். படுக்கையிலிருந்து தாமே புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருபுறமிருந்து மறுபுறம் திருப்பிவிட வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தம் நீடித்தால் அங்குக் குருதியோட்டம் குன்றித் தசை அழுகிப் படுக்கைப்புண் உண்டாகும். இரண்டு மணி நேரம் என்பது பகலில் எளிய கணக்கு. இரவில் அதுவே பேணுநரின் உறக்கத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் கணக்கு.

எனினும், உடலுழைப்பைவிடக் கடினமான பணிகள் உண்டு. சிறுநீரகம் செயலிழந்த ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வாரத்தில் பெரும்பாலும் மூன்று நாள் டயாலிசிஸ் என்னும் குருதிச் சுத்திகரிப்பு நடைபெறும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். போக்குவரத்தையும் காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு முழுநாள் கரைந்துவிடும். உடன் செல்பவருக்கும் அதே மூன்று நாள்கள் போய்விடுகின்றன. அரசு மருத்துவமனையிலோ காப்பீட்டுத் திட்டத்திலோ சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாமற் போகலாம். உடன் சென்றவர் இழந்த கூலிக்கு எந்தத் திட்டத்திலும் பற்றுச்சீட்டு இல்லை.

இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே நோயர் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதற்கு மருத்துவர் ஓர் அளவு வகுத்திருப்பார். சிறுநீர் பிரியாத உடலில் மிகுதியான நீர் எங்கும் போக வழியில்லை. அது காலில் தேங்கும். நுரையீரலில் தேங்கி மூச்சை முட்டும். ஆகவே, சாறு, மோர், காபி, கஞ்சி அனைத்தும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். சித்திரை வெயிலில் நாவறண்டு, “இன்னும் ஒரு வாய் தண்ணி குடும்மா” என்று தந்தை கேட்கிறார். மகள் மறுக்கிறாள். விருந்தினருக்கு முதலில் நீர் நீட்டும் வழக்கமுடைய வீட்டில், பெற்றவருக்கே நீர் மறுக்க வேண்டியவளாக அவள் ஆகிவிடுகிறாள். அவர் சினம் கொள்கிறார். அவள் அடுக்களைக்குள் சென்று அழுகிறாள். மறுநாளும் இதுவே நிகழும். அதற்கடுத்த நாளும் நிகழும். இந்தப் பணியை எந்த அளவுகோலால் அளப்பது?

இன்னுமொன்று: நோயரைக் காண வருவோர் நம் ஊரில் வாழைப்பழமும் இளநீரும் வாங்கி வருவர். அவை இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் குருதியில் கூடினால் இதயத்தின் துடிப்பே தடுமாறும். அன்போடு சீவிக் கொண்டுவரப்பட்ட இளநீரை, “அவருக்கு ஆகாது” என்று சொல்லி வாங்கி வைப்பவரும் பேணுநர்தான். “ஒரு இளநீர்ல என்னம்மா ஆயிடப்போகுது?” என்று வந்தவர் கேட்பார். உறவினர் கண்ணுக்கு அவர் கடுமையானவராகத் தெரிவார்.

மறதிநோயரைப் பேணுவோரின் துன்பம் வேறுவகை. நோயர் அங்கேதான் இருக்கிறார். ஆனால் அவர் இல்லை. ஐம்பதாண்டு உடன் வாழ்ந்த கணவர், “நீங்கள் யார்?” என்று கேட்கிறார். இறந்தாரென்றால் அழுது ஆறலாம், ஊர் கூடும், சடங்கு உண்டு. உயிரோடு இருப்பவரை இழந்ததற்கு ஊரில் சடங்கு ஏதுமில்லை. பாலின் பாஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இத்தகைய இழப்புக்குத் தெளிவற்ற இழப்பு என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டினார். ஒரு துன்பத்துக்குப் பெயர் கிடைப்பதே அதைச் சுமப்பவருக்குச் சிறு ஆறுதல்.

தோல் ஆறிய கணக்கு

“மனம் தளர்ந்தால் உடல் தளரும்” என்பதை நாம் பொதுப்படச் சொல்கிறோம். அது எண்ணால் அளக்கக்கூடியதே. 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மறதிநோயுற்ற உறவினரைப் பேணிவந்த பெண்கள் 13 பேர். அகவையிலும் வருவாயிலும் அவர்களை ஒத்த, அத்தகைய பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். இரு பிரிவினருக்கும் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயத்தை மருத்துவ முறைப்படி உண்டாக்கி, அது முற்றும் ஆறும் நாளை எண்ணினர். பேணுநர்களின் காயம் ஆறுவதற்கு ஏறத்தாழ ஒன்பது நாள் கூடுதலாயிற்று.

காயம் ஒன்றே, அளவு ஒன்றே. வேறுபட்டது அவர்கள் வீட்டிலிருந்து சுமந்துவந்த வாழ்க்கை. பேணுநர்களின் உடல் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும் விரைவையே இழந்திருந்தது. சிறிய ஆய்வுதான், 26 பேரைக் கொண்டு உலகப் பொதுவிதி சொல்லிவிட முடியாது. ஆயினும், ‘வெறும் சோர்வு’ என்று எவரும் தள்ளிவிடும் ஒன்று தோலில் தெரிந்ததை அது காட்டியது.

அதற்கு நான்காண்டு கழித்து, 1999இல், ரிச்சர்டு சூல்சு, ஸ்காட் பீச் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. வாழ்க்கைத்துணையோடு வாழும் ஏறத்தாழ 800 முதியோரை அவர்கள் நான்காண்டு தொடர்ந்து கவனித்தனர். நோயுற்ற துணையைப் பேணி, அதனால் மனவருத்தமும் அழுத்தமும் அடைந்திருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, அப்பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. செய்தித்தாள்கள் இந்த எண்ணை எடுத்துக்கொண்டன. ஆனால், அதே ஆய்வின் மறுபாதி அதைவிட முதன்மையானது. துணையைப் பேணியும் அவ்வழுத்தத்தை உணராதிருந்தோரிடம் அத்தகைய கூடுதல் காணப்படவில்லை.

அப்படியானால் பேணுவது ஆளைக் கொல்வதில்லை. பேணும்போது உண்டாகும் ஏதோ ஒன்றுதான் ஆளை அரிக்கிறது. அது எது?

வந்து போவோர்

நோய் முற்ற முற்றச் சுமையும் கூடும் என்றே நாம் நினைப்போம். நடக்கக்கூடிய நோயரைவிடப் படுத்த நோயரைப் பேணுபவர் மிகுதியாக வருந்துவார் என்பது இயல்பான எண்ணம். 1980இல் ஸ்டீவன் சாரிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் மறதிநோயரைப் பேணும் 29 பேரிடம் இதைக் கேட்டறிந்தனர். பேணுநரின் சுமையை அளக்க அவர்கள் உருவாக்கிய வினாப்பட்டியல் பின்னர் 22 வினாக்களாகச் சுருக்கப்பட்டு, இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. அவர்கள் கண்டது எதிர்பாராதது. நோயரின் மறதி எவ்வளவு, அவர் செய்யும் தொல்லை எவ்வளவு என்பதற்கும் பேணுநர் உணர்ந்த சுமைக்கும் தொடர்பு தென்படவில்லை. மற்ற உறவினர்கள் அந்த நோயரை எவ்வளவு அடிக்கடி வந்து பார்த்தனர் என்பதோடுதான் தொடர்பு இருந்தது. வருகை கூடிய வீட்டில் சுமை குறைந்திருந்தது.

இதுவும் சிறிய ஆய்வே. பின்வந்த ஆய்வுகளில் நோயின் கடுமைக்கும் ஓரளவு பங்கு உண்டெனக் காட்டியவை உள்ளன. ஆனாலும், அந்த முதற்கண்டுபிடிப்பு நம் வீடுகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. சுமையின் எடை சுமக்கப்படும் பொருளில் மட்டும் இல்லை. தூக்கிவிட ஒரு கை, இறக்கி வைக்க ஒரு திண்ணை இவற்றையும் பொறுத்தது. நெடுவழிகளில் தலைச்சுமையோடு நடப்போருக்காகச் சுமைதாங்கிக் கற்கள் நட்ட நாடு இது. தோள் உயரத்துக்கு இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மீது இறக்கிவைத்து, இளைப்பாறி, மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். சுமை குறைவதில்லை, வழியும் குறுகுவதில்லை. அந்தக் கல் மட்டும் இல்லையென்றால் நடந்து முடிக்க இயலாது.

வருகை என்பதிலும் வேறுபாடு உண்டு. நோயரின் கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்து, ஊரில் இதே நோயால் இறந்தவர்களின் வரலாற்றைச் சொல்லி, காபி அருந்திவிட்டுச் செல்லும் வருகை பேணுநருக்கு மேலும் ஒரு வேலை. “ஏதாவது வேணும்னா கூச்சப்படாமச் சொல்லுங்க” என்பதும் பெரும்பாலும் பயன்படாது. என்ன வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவும், அதைக் கேட்கவும் தேவைப்படும் தெம்பே அவரிடம் எஞ்சியிருக்காது. “வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன் அக்கா. ஆறு மணி வரைக்கும் மாமாகிட்ட நான் உட்கார்ந்திருக்கேன். நீங்க கோயிலுக்குப் போங்க, தூங்குங்க, எதுவேணா பண்ணுங்க” என்பது வேறு. நாள், நேரம், வேலை மூன்றும் அதில் உள்ளன. அவர் கேட்க வேண்டியது எதுவுமில்லை.

பாராட்டு என்னும் பூட்டு

உறவினர் கூட்டத்தில் ஒரு பேச்சு எழும். “அவளை மாதிரி யார் பார்த்துக்குவா? அவ தெய்வம்.” சொல்பவர் மனமாரத்தான் சொல்கிறார். கேட்பவருக்கோ அது வாயைப் பூட்டும் சொல். தெய்வம் எங்ஙனம் ‘எனக்கு முதுகு வலிக்கிறது’ என்று சொல்லும்? ‘நேற்று அவரிடம் கத்திவிட்டேன்’ என்று எப்படி ஒப்புக்கொள்ளும்? ‘இது எப்போது முடியும்’ என்று நள்ளிரவில் ஒருகணம் எழுந்த எண்ணத்தை யாரிடம் சொல்லும்? அந்த எண்ணம் நெடுநாள் பேணிய மிகப் பலருக்கு எழுவதே. அது அன்பின்மைக்குச் சான்றன்று; உறக்கமின்மையின் குரல். சொல்ல இடமில்லாதபோது அது குற்றவுணர்வாக உள்ளே உறைந்துவிடுகிறது. தியாகம் என்று புகழ்வது, பங்கிட்டுக்கொள்ள வேண்டிய வேலையை ஒருவர் தலையிலேயே வைத்துவிட்டு விலகுவதற்கு உறவினர்க்கு வசதியான வழியாகவும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தத் தலை பெரும்பாலும் பெண்ணின் தலை. இந்திய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டிலுள்ளோரைப் பேணும் ஊதியமற்ற பணியில் ஈடுபடுகின்றனர், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 நிமிடமும், ஆண்கள் 74 நிமிடமும் செலவிடுகின்றனர். குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும் என்பதைக் கருத்திற்கொண்டே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெளிவு.

இந்தச் சாய்வு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்னும் கிறித்தவச் சமயப் பணியாளர், முதிய பெற்றோரைப் பேணுவதற்காக 1954இல் தம் பணியை விட்டார். தம்மைப் போன்ற திருமணமாகாத மகளிர் நாடெங்கும் வீடுகளுக்குள் அடைபட்டிருப்பதை 1963இல் நாளிதழ்களுக்குக் கடிதமாக எழுதினார். அதைப் படித்த பெண்களிடமிருந்து மடல்கள் குவிந்தன. 1965இல் அவர்களுக்கென ஓர் அமைப்பு உருவாயிற்று. அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 1976இல் பிரிட்டனில் பேணுநருக்கு அரசு உதவித்தொகை வந்தது. ஆனால், திருமணமான பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசின் எண்ணம்! தன் தாயைப் பேணிவந்த திருமணமான பெண் ஒருவர் இதை எதிர்த்து வழக்காடினார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விலக்கு பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ‘வீட்டில்தானே இருக்கிறாள்’ என்னும் நான்கு சீர் இல்லாத வாக்கியத்தை நீக்கப் பத்தாண்டும் ஒரு வழக்கும் தேவைப்பட்டன.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் பேணுநர் யார் என்பதை வரையறுத்துள்ளன. ஊதியம் பெற்றோ பெறாமலோ பேணுபவர் என இரண்டும் ஏற்றுக்கொள்கின்றன. உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பேணுநர் படி வழங்குவதையும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடுகிறது. சட்டத்தின் பக்கத்தில் ஒரு பெயரைப் பெறுவது தொடக்கம். அது வீட்டு வாசலுக்கு வந்துசேர்வது வேறு வேலை.

அயலார் கைகள்

வாசலுக்கு வந்துசேர்ந்த ஒரு முயற்சியைக் காண அண்டை மாநிலமான கேரளத்துக்குச் செல்ல வேண்டும். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் முதலானோர் வலிதணிப்புக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கினர். முதலில் புற்றுநோயரின் வலியைத் தணிப்பதே நோக்கமாக இருந்தது. மருத்துவமனைக்கு வர இயலாமல் வீட்டில் கிடப்போரே மிகுதி என்பதும், மருத்துவரால் தீர்க்கக்கூடிய துன்பம் அவர்கள் துன்பத்தில் ஒரு பகுதியே என்பதும் நாளடைவில் அவர்களுக்குப் புலப்பட்டது. எஞ்சிய பகுதிக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்தனர். ஆசிரியர், கடைக்காரர், ஓட்டுநர், கல்லூரி மாணவர் என வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய எவரும் பயிற்சி பெற்றுத் தன்னார்வலர் ஆகலாம். செவிலியர் வீட்டுக்குச் செல்லும்போது தன்னார்வலரும் உடன் செல்வார். புண்ணைக் கழுவிக் கட்டுவது செவிலியர் வேலை. அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகின்றனரா, பேணும் பெண் உறங்கினாளா என்று பார்ப்பது தன்னார்வலர் வேலை. மலப்புறம் உள்ளிட்ட மாவட்டங்களில் இம்முறை வேரூன்றிற்று. 2008இல் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்த முதல் இந்திய மாநிலமாகக் கேரளம் ஆயிற்று.

இங்கு உதவுபவர் பெரும் பொருள் எதையும் தரவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரத்தைத் தருகிறார். சாரிட் கண்ட ‘வருகை’யை ஓர் ஊர் முறைப்படுத்திக்கொண்டது என்றே இதைச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள், இயன்முறைச் சிகிச்சை, நோய் ஆதரவுச் சிகிச்சை, வீட்டிலேயே வயிற்றுவழிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயருக்கான திரவப் பைகள் ஆகியவை இத்திட்டத்தின் வழியாக வீட்டுக்கே வருகின்றன. இது நோயருக்கான திட்டமாகவே அறியப்படுகிறது. ஆனால், மாதந்தோறும் மாத்திரைக்காக வரிசையில் நிற்கும் அரைநாளும், அசையாத உடலைத் தானியில் ஏற்றி இறக்கும் பாடும் யாருக்கு மிச்சம் என்று பார்த்தால், அது பேணுநருக்கான திட்டமும்தான்.

புத்தகப்பையோடு ஒருவர்

இவ்வளவும் பெரியவர்களைப் பற்றிய செய்தி என்று எண்ண வேண்டா. பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் வீட்டில் எத்தகைய பேணுநராக இருக்கக்கூடும்? தாத்தாவுக்கு இன்சுலின் ஊசி போடும் நேரத்தை நினைவில் வைத்திருப்பவர் அவர். அம்மாவின் மருந்துச்சீட்டிலுள்ள ஆங்கிலப் பெயர்களை வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆளாகவும் அவர் இருக்கலாம். மருத்துவமனையில் எந்த அறை, எந்தச் சாளரம், எந்தப் படிவம் என்று விசாரித்து முன்னே நடப்பவர். மருத்துவர் சொன்னதைத் தாயின் மனம் உடையாதபடி சொல்மாற்றிச் சொல்பவர். பதினாறு வயதில் ஒருவர் செய்யும் மிக நுண்ணிய மொழிபெயர்ப்பு அதுவாகத்தான் இருக்கும்.

இத்தகைய மாணவர் வகுப்பில் தாமதமாக வருவார். காரணம் சொல்ல மாட்டார். வீட்டுப்பாடம் முடிந்திராது. ‘தூங்கிவிட்டேன்’ என்பார், அது மெய்யாகவும் இருக்கும், விடியற்காலைதான் தூங்கியிருப்பார். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க மாட்டார். வீட்டு நிலையைச் சொன்னால் பரிதாபப்படுவார்களோ, நோயைப் பற்றி ஏளனமாகப் பேசுவார்களோ என்னும் அச்சம். அந்தப் பொறுப்பு அவருக்குத் தந்த திறன்களும் உண்டு. மருந்தின் அளவை இருமுறை சரிபார்க்கும் கவனம், பதற்றத்தில் நிதானம், பிறர் முகம் பார்த்து நோவறியும் கூர்மை ஆகியவை அவரிடம் இருக்கும். ஆயினும், அத்திறன்களைக் காட்டி, அவர் இழந்த தேர்வையும் விளையாட்டையும் ஈடுசெய்துவிட்டதாகக் கணக்கு முடிப்பது முறையாகாது.

அவருக்கு அறிவுரை தேவைப்படுவதில்லை. அவர் வராத நாளின் குறிப்பேட்டை, அவர் கேட்குமுன்பே படியெடுத்து வைத்திருக்கும் தோழர் தேவை. வகுப்பாசிரியர் ஒருவருக்கேனும் வீட்டுநிலை தெரிந்திருப்பது தேவை. கூடுமானால், வாரத்தில் ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாத்தாவோடு தாயமோ பல்லாங்குழியோ ஆட ஒருவர் தேவை. அந்த ஒரு மணி நேரம் அவர் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு எங்கேனும் போய்வரட்டும். எங்கே போனார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

நோயரைப் பேணுவோர் தம் மனச்சுமையைப் பகிர்ந்துகொள்ள, ‘டெலி மனாஸ்’ என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416 நாள் முழுதும் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம். மருத்துவ ஆலோசனைகளுக்கும் அரசு மருத்துவச் சேவைகள் பற்றிய தகவல்களுக்கும் தமிழ்நாட்டில் 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நெடுநாள் நோயரைப் பேணும் ஒருவரிடம் இசைவு பெற்று, அவருடைய ஒரு நாளை விடியல் முதல் மறுவிடியல் வரை மணிவாரியாக எழுதுக. அவருக்கென்று மட்டும் அமைந்த நேரம் எவ்வளவு எனக் கணக்கிடுக. பெயரையும் நோயையும் வகுப்பில் வெளியிட வேண்டா.

2. ‘உழைச்செல்வான்’ என்பதற்கு உரையாசிரியர் கூறும் நான்கு பண்புகளை எழுதி, அவருக்குச் சமுதாயம் அளிக்க வேண்டியவை எனக் கருதும் நான்கினை நீங்கள் வகுத்துக் காட்டுக.

3. ‘நோயரைப் பேணுவது குடும்பத்தின் கடமையா, ஊரின் கடமையா, அரசின் கடமையா’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.